மூடியைத் திறக்கத் தெரிந்தவருக்கு வேலை உண்டு

டேப்லெட் பழுதுபார்க்கும் கடைக்கு நட்டம் வருவது பெரும்பாலும் பழுதினால் அல்ல, திறக்கும்போதுதான். சார்ஜ் ஏறவில்லை என்று வந்த டேப்லெட் கண்ணாடி விரிசலோடு திரும்பிப் போனால், சார்ஜிங் துவாரத்தை எவ்வளவு சுத்தமாக மாற்றியிருந்தாலும் கூலி கேட்க வாய் வராது. புதுக் கண்ணாடிக்கும் நாமே கட்ட வேண்டும். ஆனாலும் இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் இளையோர் முதலில் விசாரிப்பது சால்டரிங் எங்கே கற்கலாம் என்பதைத்தான். சால்டரிங் பிறகு வரட்டும். ஒரு கீறல்கூட விழாமல் திறந்து, திறந்த தடயமே தெரியாமல் மூடத் தெரிந்தவரைக் கடைக்காரர் லேசில் விடமாட்டார்.

ஜொகூரின் பத்து பாகாட்டில் இந்த வேலைக்கு ஆள் தேவைப்படுவதற்குக் காரணங்கள் உண்டு. கோவிட் காலத்தில் வீட்டிலிருந்து படித்த தலைமுறையின் கருவிகள் இப்போது முதுமை அடைகின்றன. 2021 வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட செர்டிக் திட்டம் 150,000 பள்ளி மாணவர்களுக்குக் கருவிகள் தருவதை இலக்காகக் கொண்டது. 2022-இல் பி40 குடும்பத்து உயர்கல்வி மாணவர்களுக்காகப் பெராந்தி சிஸ்வா திட்டம் வந்தது. பாரிட் ராஜாவில் துன் உசேன் ஓன் பல்கலைக்கழகம் இருப்பதால் மாணவர்களின் டேப்லெட்டுகள் சுற்றுவட்டாரத்தில் ஏராளம். பேட்டரி உப்புவது, சார்ஜிங் துவாரம் ஆடுவது, விழுந்து கண்ணாடி உடைவது எல்லாம் வாங்கிய சில ஆண்டுகளில் வரிசைகட்டி வருபவை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்ரீ காடிங், பாரிட் ராஜா பக்கத்து மின்னணுத் தொழிற்சாலைகளில் லைனில் நின்றவர்கள் நம் குடும்பங்களில் பலர். மணிக்கட்டில் நிலைமின் பட்டை கட்டுவது, திருகைக் குறித்த அளவு இறுக்கத்தில் நிறுத்துவது, பாகத்தை விளிம்பில் மட்டும் பிடிப்பது எல்லாம் அவர்கள் கைக்குப் பழகியவை. கடைகளில் வேலை கேட்கப் போகும்போது இந்த அனுபவத்தைச் சொல்லாமல் விடுகிறார்கள். முதல் வரியிலேயே சொல்ல வேண்டிய தகுதி அது.

டேப்லெட் பெரிய கைத்தொலைபேசி அல்ல

கைத்தொலைபேசி கழற்றிப் பழகியவர்கள்தான் டேப்லெட்டில் அதிகம் உடைக்கிறார்கள். கண்ணாடி அகலம், தடிமனோ குறைவு. ஒரு மூலையில் நெம்பினால் எதிர் மூலையில் விரிசல் ஓடும். பசை நான்கு பக்கமும் நீளமாக ஓடுகிறது. பேட்டரியும் பெரியது: ஒன்பதாம் தலைமுறை ஐபேடில் 32.4 வாட்-ஹவர், ஐபோன் 14-இல் சுமார் 12.7. கத்தி நுனி தவறிப் பாய்ந்தால் வெளிப்படும் ஆற்றல் இரண்டரை மடங்கு.

பசையும் எப்போதும் இருந்ததில்லை. 2010-இல் வந்த முதல் ஐபேடின் திரை உலோகக் கொக்கிகளில் நின்றது. பிளாஸ்டிக் நெம்பியால் கழற்றலாம். மறு ஆண்டே ஐபேட் 2 பசைக்கு மாறியது. மெலிந்து போவதற்கு நாம் கொடுத்த விலை அது. ஆண்ட்ராய்டு பக்கம் 2012-இன் நெக்சஸ் 7 பின்மூடியைக் கொக்கிகளில் மாட்டியிருந்தது. இன்றும் முன்பக்கம் திறப்பவை, பின்பக்கம் திறப்பவை என்று இரண்டு குடும்பங்கள் கடைக்கு வருகின்றன. எந்தப் பக்கம் என்று தெரியாமல் சூடு வைப்பவர் இந்தத் தொழிலில் நீடிக்க முடியாது.

ஆகவே கருவியைத் தொடும் முன் மாடல் எண். ஐபேட் என்றால் முதுகில் ஏ-யில் தொடங்கும் நான்கு இலக்கம்: ஏ2602 என்றால் ஒன்பதாம் தலைமுறை, வைஃபை மட்டும். சாம்சுங் என்றால் எஸ்.எம். என்று தொடங்கும் குறி. அந்த எண்ணுக்கே உரிய கழற்றும் வழிகாட்டியை எடுத்து முழுவதும் படித்துவிட்டு உட்காருங்கள். கலிஃபோர்னியாவில் இரண்டு கல்லூரி மாணவர்கள் 2003-இல் தொடங்கிய ஐஃபிக்ஸிட் இத்தகைய வழிகாட்டிகளை இலவசமாகத் தருகிறது. அதே பெயர், வேறு ஆண்டு மாடல் என்றால் நாடா கேபிள் இடது பக்கத்திலிருந்து வலது பக்கம் போயிருக்கலாம். அந்த ஒரு வேறுபாடு போதும், கேபிளை அறுப்பதற்கு.

திறக்காமலே முடிகிற வேலைகள்

“அண்ணே, சும்மா திறந்து பாருங்களேன்.” கவுண்டரில் இந்த வாக்கியம் காதில் விழுந்ததும் கை பின்வாங்க வேண்டும். சும்மா திறப்பது என்று ஒன்று கிடையாது.

சார்ஜ் ஏறவில்லையா? துவாரத்துக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பஞ்சும் தூசியும் அடைத்திருந்தால், கருவியை அணைத்துவிட்டு மரக்குச்சியால் எடுத்தாலே பாதிப் பேருக்கு வேலை முடிந்துவிடும். வேறு கேபிள், வேறு அடாப்டர். யு.எஸ்.பி. மின்னளவி ஒன்றை நடுவில் மாட்டினால் எத்தனை ஆம்பியர் உள்ளே போகிறது என்று தெரியும். மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்த டேப்லெட் அரைமணி நேரம் சார்ஜில் கிடந்தால்தான் கண் திறக்கும். திரை கறுப்பாக இருந்தால் அறையை இருட்டாக்கி, டார்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பின்னொளிதான் போயிருக்கிறது, திரை உயிரோடு இருக்கிறது. இந்தச் சோதனைகளுக்கு ஒரு சிறு கட்டணம் வைப்பதில் தவறில்லை. திறக்காமல் சரிசெய்த வேலைக்குக் காசு வாங்கக் கூச்சப்படும் கடைகள்தாம் பிறகு தேவையில்லாமல் திறக்கின்றன.

வெள்ளத்தில் நனைந்தது மட்டும் விதிவிலக்கு. 2023 மார்ச் வெள்ளத்தில் பத்து பாகாட் மாவட்டம் வாரக்கணக்கில் தண்ணீரில் கிடந்தது பலருக்கு நினைவிருக்கும். வெள்ளநீரில் சேறும் உப்பும் உண்டு. பலகையில் மின்சாரம் இருக்கும்வரை அரிப்பு வேகமாக ஓடும். அப்படிப்பட்ட கருவியைச் சார்ஜில் போடவே கூடாது, உடனே திறந்து பேட்டரித் தொடர்பைப் பிரிக்க வேண்டும். அரிசி டின்னில் புதைப்பதால் ஆகப் போவது ஒன்றுமில்லை. அரிசி வெளி ஈரத்தைக்கூடச் சரியாக உறிஞ்சாது, உள்ளிருக்கும் உப்பை எப்படி எடுக்கும்?

சூடு வைக்கும் முன்

சார்ஜை 25 விழுக்காட்டுக்குக் கீழே இறக்குங்கள். இது வெறும் சம்பிரதாயம் அல்ல. லித்தியம் பேட்டரியில் ஆற்றல் குறைவாக இருந்தால், தவறிக் கிழிந்தாலும் தீ பற்றும் வேகம் குறையும். 2016 முதல் தனி லித்தியம்-அயன் பேட்டரிகளை விமானச் சரக்காக அனுப்பும்போது 30 விழுக்காட்டுக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது என்று விதி வந்ததும் இதே காரணத்தால்தான்.

பிறகு அணையுங்கள். தூங்க வைப்பது அணைப்பதாகாது. சிம் தட்டையும் மெமரி கார்டு தட்டையும் வெளியே எடுங்கள். இதை மறந்து மூடியை இழுத்துத் தட்டையும் அதன் பிடியையும் உடைத்தவர்களின் கதை எல்லாக் கடையிலும் உண்டு. கண்ணாடி ஏற்கெனவே நொறுங்கியிருந்தால் அகலமான ஒளிபுகும் டேப்பை முழுத் திரைக்கும் ஒட்டுங்கள். துண்டுகள் சிதறாது, திரையைத் தூக்கும் ரப்பர் உறிஞ்சிக்கும் பிடி கிடைக்கும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் உடைந்த திரையை நெம்பும் வேலைக்காரரை முதலாளி பார்த்துக்கொண்டிருந்தால், குற்றம் முதலாளியுடையது.

கருவியை விளிம்பு மட்டத்தில் கண் வைத்துப் பாருங்கள். டேப்லெட் மேசையில் ஆடினால், அல்லது திரை நடுவில் மேடு தட்டியிருந்தால், பேட்டரி உப்பியிருக்கிறது. அதற்குச் சூடு கூடாது. திறந்துதான் ஆக வேண்டும் என்றால் அனுபவமுள்ளவர் பக்கத்தில் இருக்க, பசைக்கு ஐசோபுரோப்பில் ஆல்கஹால் துளிகளை விட்டு, பொறுமையாக. புதிதாக வந்தவர் மறுத்துவிடுவதே நல்லது. மறுக்கும் வேலைக்கும் வாடிக்கையாளருக்குக் காரணம் சொல்லி அனுப்புங்கள்: “அக்கா, இதைச் சார்ஜில் போடாதீங்க, தலைமாட்டில வைக்காதீங்க.” அந்த அக்கா அடுத்த பழுதுக்கு உங்களிடம்தான் வருவார்.

சூடு எவ்வளவு? பசை இளகுவது சுமார் 60 முதல் 80 டிகிரி செல்சியஸ்வரை. கடைகளில் இருக்கும் ஹாட் ஏர் கருவி சில்லு கழற்றுவதற்காக 300 டிகிரிக்கு மேல் வைக்கப்பட்டிருக்கும். அதை அப்படியே எடுத்துத் திரையில் அடித்தால் திரையில் கறை விழும், பிளாஸ்டிக் விளிம்பு வளையும், அடியில் பேட்டரியும் வெந்துபோகும். வெப்பத் தட்டு இருந்தால் நல்லது. இல்லாதவர்க்கு ஹேர் டிரையர் போதும், நேரம்தான் கூடும். வெப்பத்தை அகச்சிவப்பு வெப்பமானியால் அளக்கிறவர்களுக்கு ஒரு சூட்சுமம்: பளபளக்கும் அலுமினிய முதுகில் அந்த மானி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பை ஒட்டி, டேப்பின்மேல் அளவெடுங்கள். சூட்டை விளிம்பிலேயே நகர்த்திக்கொண்டிருங்கள், நடுவில் நிறுத்த வேண்டாம். நடுவில்தானே பேட்டரி படுத்திருக்கிறது.

நெம்புவது

உறிஞ்சியை விளிம்பு ஓரமாக, கேபிள் இல்லாத பக்கத்தில் ஒட்டுங்கள். மேலே இழுக்கும் விசை மெதுவாக ஏற வேண்டும். மயிரிழை இடைவெளி விட்டதும் மெல்லிய பிளாஸ்டிக் முக்கோணத் துண்டை நுழையுங்கள். கித்தார் மீட்டும் துண்டும் ஆகும். உலோகக் கத்தி வேண்டாம் என்று எல்லாரும் சொல்வார்கள், எல்லாரும் அவசரத்தில் எடுப்பார்கள். கேபிளை அறுப்பதும் பேட்டரியைக் குத்துவதும் அந்தக் கத்திதான்.

துண்டு உள்ளே போகும் ஆழம் மூன்று, நான்கு மில்லிமீட்டர். அதற்கு மேல் போனால் பசையைத் தாண்டி உறுப்புகளில் முட்டும். முன்கேமரா, ஹோம் பொத்தான், ஆன்டெனா இருக்கும் இடங்களில் துண்டின் நுனி மட்டும் உள்ளே இருக்கட்டும், அல்லது வெளியே எடுத்துத் தாண்டிப் போய் மீண்டும் நுழையுங்கள். வெட்டிய பக்கத்தில் துண்டுகளைச் செருகியே விட்டு வையுங்கள், இல்லாவிட்டால் பசை ஆறி மறுபடியும் ஒட்டிக்கொள்ளும். வழக்கமாக ஒரு பக்கம் முடிவதற்குள் அடுத்த பக்கம் ஆறிவிடும். சலிக்காமல் சூட்டுக்குத் திரும்புங்கள். விசை கூட்ட வேண்டும் என்று கை சொன்னால் சூடு போதவில்லை என்று பொருள்.

நான்கு பக்கமும் விட்டதும் தூக்கி எறிந்துவிடக் கூடாது. கேபிள் இருக்கும் பக்கத்தைக் கீலாக வைத்து, புத்தக அட்டையைத் திறப்பது போலத் திறந்து சாய்த்து வையுங்கள்.

முதலில் பேட்டரி

உள்ளே பார்த்ததும் பழுதான பாகத்துக்குக் கை போகும். போகக் கூடாது. எந்த நாடாவையும் தொடும் முன் பேட்டரித் தொடர்பு பிரிய வேண்டும். பேட்டரி உயிரோடு இருக்கும்போது திரையின் கேபிளை இழுத்தால் பின்னொளிச் சுற்றில் இருக்கும் சிறு ஃபியூஸ் போன்ற பாகம் எரிந்துவிடும். கண்ணாடி மாற்றி, அழகாக ஒட்டி, பொத்தானை அழுத்தினால் திரை இருட்டு. வாடிக்கையாளர் கொண்டுவந்தபோது ஒளிர்ந்த திரை அது. பலகைப் பழுதுபார்ப்பவரிடம் அனுப்பிச் செலவழிக்க வேண்டியதுதான்.

ஐபேடின் பல மாடல்களில் பேட்டரித் தொடர்பு பிடுங்கி எடுக்கும் வகையே அல்ல. மதர்போர்டின் அடியில் ஒளிந்திருக்கும். திரையைத் திருப்பிய பிறகு, தொடர்பின் திருகைக் கழற்றி, மெல்லிய பிளாஸ்டிக் துண்டை அடியில் செருகி மின்னோட்டத்தைத் தடுக்கிறோம். முரட்டுத்தனமாகத் தள்ளினால் ஊசிகள் வளைந்துவிடும். இதைப் பழகத்தான் செத்த கருவிகள் வேண்டும். பழைய ஐபேடுகளை மலிவாக வாங்கி, இந்த ஒரு காரியத்தை மட்டும் திரும்பத் திரும்பச் செய்து பாருங்கள்.

கைரேகை உணரும் ஹோம் பொத்தான் உள்ள ஐபேட்களில் இன்னொரு கண்ணி. கைரேகை உணரி அந்த மதர்போர்டோடு இணைக்கப்பட்டது. கண்ணாடி மாற்றும்போது பழைய பொத்தானை எடுத்துப் புதுக் கண்ணாடிக்கு மாற்ற வேண்டும். அதன் கேபிள் கிழிந்தால், சந்தையில் வாங்கிய பொத்தான் அழுத்த மட்டும் செய்யும், கைரேகை போனது போனதுதான். ஒரு நல்ல செய்தியும் உண்டு: ஒன்பதாம் தலைமுறை போன்ற விலை குறைந்த ஐபேட்களில் கண்ணாடியும் எல்.சி.டி.யும் தனித்தனி. உடைந்தது கண்ணாடி மட்டும் என்றால் அதை மட்டும் மாற்றலாம். 2014-இன் ஐபேட் ஏர் 2 முதலான மேல்தட்டு மாடல்களில் இரண்டும் ஒட்டியே வருகின்றன. விலை சொல்லும் முன் இதைப் பாருங்கள்.

திருகுகளை ஒரே கிண்ணத்தில் போடுவது கெட்ட பழக்கம். ஒரு தாளில் கருவியின் படத்தை வரைந்து, கழற்றிய இடத்திலேயே டேப்பால் ஒட்டுங்கள். நீளத் திருகு குட்டைத் திருகின் குழியில் போனால் பலகையின் உள்ளடுக்குகளைத் துளைத்துவிடும், வெளியே அடையாளமும் தெரியாது.

மூடும் முன் எல்லாவற்றையும் சோதியுங்கள்: தொடுதிரை மூலை மூலையாக, கேமரா இரண்டும், ஒலிபெருக்கி, வைஃபை, சார்ஜ். பழைய பசையைச் சுரண்டி, ஆல்கஹாலால் துடைத்து, அந்த மாடலுக்கென வெட்டிய புதுப் பசையை வையுங்கள். மூடி படியாமல் துள்ளினால் அழுத்தாதீர்கள், கேபிள் ஏதாவது மடங்கிக் கிடக்கும். நீர்புகாத் தரம் கொண்ட கேலக்ஸி டேப் எஸ்9 போன்றவை திறந்த பிறகு அந்தத் தரத்தோடு இருக்கும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அதை ரசீதிலேயே எழுதிவிடுங்கள்.

பேட்டரி கிழிந்தால்

புகை வந்தால் ஊதி அணைக்கப் பார்க்க வேண்டாம். மணல் வாளி மேசைக்கருகில் இருக்கட்டும், கருவியை உலோகத் தட்டில் வைத்து வேலை செய்தால் வாசலுக்கு நகர்த்துவது சுலபம். நச்சுப் புகை அது. தீ கைமீறினால் வெளியேறி 999. ஏர்கான் போட்டுக் கதவை அடைத்துக்கொண்டு பேட்டரி கழற்றும் கடைகளைப் பார்த்தால் எனக்கு அடிவயிறு கலங்கும்.

கழற்றிய பேட்டரி வீட்டுக் குப்பையில் சேரக் கூடாது. 2005-ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிமுறைகளில் லித்தியம் பேட்டரிக் கழிவு எஸ்.டபிள்யூ. 103, மின்னணுக் கழிவு எஸ்.டபிள்யூ. 110. முனைகளை டேப்பால் மூடி, மூடியுள்ள உலோகப் பெட்டியில் சேர்த்து, சுற்றுச்சூழல் துறையின் உரிமம் பெற்றவரிடம் கொடுங்கள்.

கவுண்டரில்

கருவியை வாங்கும்போது முன், பின், நான்கு ஓரம் என்று வாடிக்கையாளர் முன்னாலேயே படம் எடுங்கள். கீறல் முன்பே இருந்ததா என்ற வாக்குவாதம் அங்கேயே தீர்ந்துவிடும். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி சேவை தருபவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்ய வேண்டும். பயனீட்டாளர் நடுவர் மன்றம் 50,000 ரிங்கிட்வரையிலான வழக்குகளைக் கேட்கும், சிறு கடை என்பதால் யாரும் விலக்குப் பெற மாட்டார்கள். அதே சட்டம், உதிரிபாகமும் பழுதுபார்ப்பு வசதியும் நியாயமான காலத்துக்குக் கிடைக்கத் தயாரிப்பாளர் வழி செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் டேப்லெட்டுகளுக்கு இதை ஆண்டுக் கணக்கோடு கட்டாயமாக்கியிருக்கிறது.

கடவுச்சொல்லைக் கேட்காமல் முடிகிற வேலைக்குக் கேட்காதீர்கள். 2008-இல் ஹாங்காங்கில் ஒரு நடிகரின் கணினியைப் பழுதுபார்த்த இடத்திலிருந்து அந்தரங்கப் படங்கள் வெளியாகி, கணினித் தொழில்நுட்பர் சிறை சென்றார். சாம்சுங் கருவிகளில் இப்போது பராமரிப்பு முறை என்று ஒன்று உண்டு. வாடிக்கையாளரே அதை இயக்கிக் கொடுத்தால் படங்களும் செய்திகளும் நம் கண்ணுக்குத் தெரியாமல் கருவியைச் சோதிக்கலாம். புதிய ஆள் ஒருவர் “அக்கா, இதைப் போட்டுட்டுக் கொடுங்க, உங்க படமெல்லாம் எனக்குத் தெரியாது” என்று சொன்னால் அந்தக் கடையின் பெயர் தாமான் முழுக்கப் பரவும்.

தாளும் சான்றிதழும்

எஸ்.பி.எம். முடித்தவர்களுக்குத் தஞ்சோங் லாபு சாலையில் உள்ள அட்டெக் பத்து பாகாட், நகரின் தொழிற்கல்லூரி என வழிகள் உண்டு. கட்டணத்துக்குத் திறன் மேம்பாட்டு நிதிக் கழகமான பி.டி.பி.கே. கடன் தருகிறது. சேரும் முன் மின்னணுப் பாடம் அந்த ஆண்டு எடுக்கிறார்களா என்று நேரில் கேளுங்கள். கடையில் ஆளாகச் சேர்ந்தால் 2025 ஆகஸ்டு முதல் எல்லா முதலாளிகளுக்கும் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்; பயிற்சி என்று சொல்லி அதற்குக் கீழே கொடுப்பவரிடம் எழுத்துபூர்வமாகக் கேளுங்கள். தனியாகத் தொடங்கினால் எஸ்.எஸ்.எம். பதிவு ஆண்டுக்குச் சொந்தப் பெயரில் 30 ரிங்கிட், வணிகப் பெயரில் 60. கடைக்கு நகராண்மைக் கழக உரிமம் தனி. முதலுக்குத் தெக்குன் நேஷனலின் ஸ்பூமி கடன் இந்தியத் தொழில்முனைவோருக்கென்றே இருக்கிறது.

வகுப்புக்குப் போக வாய்ப்பில்லாமல் கடையிலேயே கற்றவர்களுக்கு, முன்னனுபவத்தை அங்கீகரிக்கும் பி.பி.டி. என்ற வழி உள்ளது. செய்த வேலைக்கு ஆதாரம் காட்டினால் திறன் மேம்பாட்டுத் துறை மதிப்பிட்டு எஸ்.கே.எம். எனும் மலேசியத் திறன் சான்றிதழ் வழங்கும். ஆதாரம் என்றால் என்ன? கருவி வந்தபோது எடுத்த படம், திறந்த நிலையில் ஒரு படம், மாற்றிய பாகத்தின் ரசீது, மூடிச் சோதித்த பட்டியல், வாடிக்கையாளரின் கையெழுத்து. முதல் வேலையிலிருந்தே மாத வாரியாக ஒரு கோப்பில் போட்டு வாருங்கள். படத்தில் வாடிக்கையாளரின் முகமோ திரையில் அவருடைய தகவலோ தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.